கை வைத்த இடம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரிடமே கேட்டிருந்தால் தாராளமாக எழுதுங்க என்றுதான் சொல்லியிருப்பார். அப்பா பெயர், வீட்டு எண், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதுவரை தானாகவே சொல்லியிருப்பார். மறைக்கிற பழக்கம் என்னுடையது, அவருடையதல்ல. இதில் வருகிற ஒரு சாவோடு சம்பந்தப்பட்ட பெண் இப்போது திருச்சியில் இல்லை. நானும் அந்தத் தொழிலை விட்டு மூன்று வருஷமாகிறது. அதனால் இதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கார்களுக்கு சர்வேயராக இருந்தேன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, என்ன சேதம், எதனால் சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில். காலையில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் சாயங்காலம்தான் திரும்புவேன். ஊரில் உள்ள பட்டறைகள் எல்லாம் எனக்குத் தெரியும். உறையூரில் குழுமாயி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் இருந்த அவருடைய ஷெட்டுக்கு வேலை இல்லாவிட்டாலும் போவேன்.

அவர் செய்தது ரிப்பேர் அல்ல. கார் கம்பெனி கொடுத்த வண்டி போதாது என்று நினைக்கிற பையன்கள் சிலர் உண்டு. எஞ்சினுக்குக் காற்று அதிகம் போக ஒரு பெரிய குழாய் வாங்குவார்கள். எண்ணெய்ப் புகையைப் பிடித்து வைக்க ஒரு டப்பா, வளைவில் வண்டி ஆடாமலிருக்க பானட்டுக்குள் குறுக்கே போடுகிற ஒரு இரும்புப் பட்டை. ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வரும், ஒன்று பெங்களூரிலிருந்து, ஒன்று எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். மற்றப் பெட்டியில் இருக்கிறதோடு பொருந்தும் என்று எதிலும் போட்டிருக்காது. குழாயை மாட்டினால் பட்டை உட்காராது. பட்டையைப் போட்டால் டப்பாவுக்கு இடம் இருக்காது. கடைசியில் எல்லாவற்றையும் டிக்கியில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவரிடம் வருவார்கள்.

அவர் உடனே கை வைக்க மாட்டார். பானட்டைத் திறந்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு ஸ்வீட் பாக்ஸ் அட்டையில் வெட்டி வைத்துப் பார்ப்பார். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகுதான் இரும்பை எடுப்பார். அரத்தால் அராவி, துளையை நகர்த்தி, உருப்படியைத் தாங்குகிற ஒரு பிடிக்குப் பதில் வேறு பிடி செய்து, எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிடுவார். முடிந்ததும் பார்த்தால் கம்பெனியே அப்படித்தான் செய்தது போலிருக்கும்.

ஆனால் கம்பெனி செய்தது போல இருக்க அவர் விடமாட்டார். வண்டிக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, எந்த இடத்தில் என்ன வெட்டினேன், எதை எத்தனை விரல் நகர்த்தினேன் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். முக்கால்வாசிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். தான் மாற்றிய உருப்படி ஒவ்வொன்றிலும் கூர்முனை உளியால் தட்டி இரண்டு புள்ளி வைப்பார். நாளைக்கு வேறொரு மெக்கானிக் திறந்தால் இது வேறு ஆள் தொட்டது என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

"கம்பெனி வச்ச இடத்துல இருக்கிற வரைக்கும் கம்பெனி பொறுப்பு சார். நான் நகர்த்திட்டா என் பொறுப்பு. கை வச்சதைச் சொல்லிடணும்" என்பார்.

ஒருமுறை என்னுடைய காரில் ஹார்ன் பிடியைச் சரி செய்து கொடுத்தார். மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு அவருடைய டிவிஎஸ் வண்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பானட்டின் அடிப்பக்கத்தில் ஸ்பேனர் பட்டு ஒரு கீறல் விழுந்துவிட்டது என்றும், அன்றைக்கே சொல்ல மறந்துவிட்டது என்றும் சொன்னார். நான் அந்தக் காரை விற்கிற வரைக்கும் அந்தக் கீறலை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் போனதும் என் மனைவி சிரித்தாள். இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்துகிறவள் பாவம் என்றாள்.

அது சிரிக்கிற விஷயமில்லை என்று பின்னால் தெரிந்தது. அவருடைய மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரு தங்கை உண்டு. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து, மாத்திரையில் நின்றுபோயிருந்தது. மணப்பாறையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு வந்தது. பெண்ணுக்குப் பிடித்திருந்தது, அவர்களுக்கும் பிடித்திருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். காபி குடித்து முடித்த கையோடு இவர் எழுந்து நின்று, பொண்ணுக்கு வலிப்பு இருந்தது, இப்போது நாலு வருஷமாக இல்லை, இன்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர்கள் மரியாதையாகத்தான் கிளம்பிப் போனார்கள். மறுபடி வரவில்லை. அந்தப் பெண் பிறகு டீச்சர் வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் இவர் இருக்கிற அறையில் உட்கார மாட்டாள்.

"தெரிஞ்சா அவங்களே யோசிச்சுச் செய்யட்டும்னுதான் சார் சொன்னேன்" என்றார் என்னிடம். தான் சொன்னது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பெண் பேசாமல் இருப்பது அவரை அரித்துக்கொண்டிருந்தது. இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருந்தன என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கோகுல் அவரிடம் வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஸ்ரீரங்கத்துப் பையன். மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. முப்பது வயது, மனைவி அனிதா, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கடன் போட்டு வாங்கிய சிவப்பு நிறக் கார். காற்றுக்குழாய், டப்பா, பட்டை மூன்றையும் வாங்கி வந்திருந்தான். டப்பா வைக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது, அந்த வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் போனது. இவர் அந்தக் குழாயை இரண்டு விரல் தள்ளி, அதைப் பிடித்துக்கொள்ள இரும்புத் தகட்டில் ஒரு பிடி செய்தார்.

தகட்டை வெட்டினால் அதன் முனை கத்தி மாதிரி இருக்கும். அதை அரத்தால் உருட்டி மழுக்க வேண்டும். அன்று சனிக்கிழமை மத்தியானம். நண்பர்களோடு கொடைக்கானல் போக வேண்டும் என்று கோகுல் ஷெட் வாசலிலேயே நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் முனையை உருட்டாமல், குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் துண்டைப் போட்டு மாட்டிவிட்டார். வழக்கம்போல அதையும் சொன்னார். இந்த ஒரு இடம் மட்டும் முழுசாக முடியவில்லை, ஒரு மாதத்தில் வாங்க, பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். கோகுல் வருகிறேன் என்றான். பிறகு இவர் மூன்று முறை போன் செய்தார். வருகிறேன், வருகிறேன் என்றான். ஒருமுறை வந்தான். அன்று பெரிய வெள்ளிக்கிழமை, ஷெட் பூட்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் துறையூருக்குக் கிளம்பினார்கள். அனிதாவின் அம்மா வீடு அங்கே இருந்தது. திருவெள்ளறையைத் தாண்டியதும் பெட்ரோல் வாடை அடித்திருக்கிறது. கோகுல் வண்டியை ஓரமாக நிறுத்தி, மனைவியையும் குழந்தையையும் இறக்கிப் புளியமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் போய் பானட்டைத் திறந்தான். உள்ளே புகைந்துகொண்டிருந்த தீ காற்றுப் பட்டதும் ஒரேயடியாக எழுந்து அவன் மேல் விழுந்தது. அனிதா அதைப் பார்த்தாள். குழந்தையும் பார்த்தது. கோகுல் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து இறந்துபோனான்.

எரிந்த வண்டியைப் பார்க்கும் வேலை என்னிடம்தான் வந்தது. மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு திறந்த இடத்தில் போட்டிருந்தார்கள். நான் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி முன்னால் நின்றிருந்தார். ரப்பரும் பிளாஸ்டிக்கும் போய், இரும்பு மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. அவர் குனிந்து அந்தப் பிடியைக் காட்டினார். இரண்டு புள்ளி அப்படியே இருந்தது.

"இதுதான் சார். முனைய நான் உருட்டல. ரப்பரைத் தின்னுட்டு குழாய அறுத்திருக்கு. எழுதிக்கோங்க" என்றார்.

நான் எழுதவில்லை. குழாயே எரிந்துபோயிருக்கும்போது அதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றேன். ஒயரிங்காகவும் இருக்கலாம். அதோடு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், போன் செய்திருக்கிறீர்கள், வராதது அவன் தப்பு என்றேன்.

"சொன்னா முடிஞ்சு போச்சா சார்? முனை அப்படியேதான இருந்துச்சு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கும் போயிருந்ததாகச் சொன்னார். மூன்றாம் நாள் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

"தம்பிகிட்டயே சொல்லிட்டேன்."

அந்த நிலையில் கிடக்கிறவனிடமா என்று கேட்டேன். அவன் என்ன சொன்னான் என்றும் கேட்டேன்.

"தண்ணி கேட்டாரு. கொடுக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க."

பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போய் நான் அவரிடம் விளக்கினேன். வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும், கோகுல் தெரிவிக்கவில்லை. மாற்றினதால்தான் தீ என்று நான் எழுதினால் க்ளெய்ம் போய்விடும். எரிந்த வண்டிக்கு அந்தப் பெண் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவளுக்கு வேலை கிடையாது, கையில் குழந்தை. நீங்கள் உண்மையைச் சொன்னால் அது அவள் தலையில்தான் விழும் என்றேன். அவர் டீயைத் தொடவில்லை.

"எத்தனை நாளைக்குச் சொல்லாம இருக்கணும் சார்?" என்று கேட்டார்.

எப்போதுமே சொல்லக் கூடாது என்றேன்.

அவர் தலையைக் குனிந்தபடியே, "நீங்களும் பாத்தீங்கல்ல சார்" என்றார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாலு மாதத்துக்கு முன் ஓர் ஆட்டோ இடித்து அதே காரின் பம்பர் உடைந்தபோது, சர்வேக்குப் போனவனும் நான்தான். பானட்டைத் திறந்ததும் அவர் கை என்று தெரிந்தது. பிரமாதமாகப் பண்ணியிருக்கிறார் என்று கோகுலிடம் சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டில் பம்பரை மட்டும் எழுதினேன். மாற்றங்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் கம்பெனி அன்றே நோட்டீஸ் அனுப்பியிருக்கும். கோகுல் பயந்து போய் எல்லாவற்றையும் கழற்றியிருப்பான். டீக்கடையில் நான் அனிதாவுக்காகப் பேசினேன் என்பது உண்மை. எனக்காகவும் பேசினேன் என்பதும் உண்மை. எது எத்தனை பங்கு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தீக்குக் காரணம் உறுதியாகத் தெரியவில்லை, மின்கசிவாக இருக்கலாம் என்று எழுதி அனுப்பினேன்.

அவர் மேலப்புதூரில் தன் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதையும் என்னிடம் சொன்னார். சாமியாரிடம் சொன்னது வெளியே போகாது, அதனால் நீங்கள் கேட்டுக்கொண்டதை மீறவில்லை என்றார். மனசு ஆறியதா என்று கேட்டேன்.

"சாமியார் மன்னிச்சுட்டாரு சார். அவரு வீட்ல ஒண்ணும் எரியலையே" என்றார்.

கோகுலின் பதின்மூன்றாம் நாளுக்கு அவர் ஸ்ரீரங்கத்துக்குப் போனார். அங்கே கோகுலின் அப்பா, வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பையன் அன்று வீட்டில் இருக்கிறேன் என்றுதான் சொன்னான், இவள்தான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள், பிடிவாதத்தில் என் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொளுத்திவிட்டாள் என்று. அனிதா அந்த அறையிலேயே சுவரோரம் உட்கார்ந்திருந்தாளாம்.

அங்கிருந்து அவர் நேரே என் ஆபீசுக்கு வந்தார். அந்தப் பெண்ணிடம் மட்டுமாவது சொல்லிவிடுகிறேன் என்றார். க்ளெய்ம் முடிகிறவரை வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லாமலேயே எழுந்து போனார்.

ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அதை என்னிடம் வந்து சொன்னதும் அவர்தான். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அனிதா வெளியே வந்தபோது, ராஜகோபுரத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். அங்கேயே சொல்லியிருக்கிறார். உங்கள் மேல் தப்பில்லை, கோகுல் மேலும் தப்பில்லை, தப்பு என் கையில் என்று.

"இதை நான் என்ன பண்ணட்டும்ணே?" என்று கேட்டிருக்கிறாள். "மாமாகிட்ட சொன்னா கம்பெனிக்குப் போயிரும். சொல்லலைன்னா நான்தான் கொன்னேன்னு காலம் பூரா கேட்டுக்கிட்டு இருக்கணும். எதுவும் தெரியாம அழுதுக்கிட்டாவது இருந்தேன். இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் முன்னாலயும் வராதீங்க."

இதைச் சொல்லும்போது அவர் என் மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஷெட்டைத் திறக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. தான் கை வைத்த வண்டிகளின் பட்டியல் ஒரு நோட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, பையில் அரம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். பானட்டைத் திறந்து, தான் செய்த பிடிகளைத் தடவிப் பார்த்து, சந்தேகமான முனைகளை உருட்டுவார். ஏன் என்று யாரும் கேட்பதற்கு முன்பே, என் வேலையில் குறை இருந்து ஒருவர் செத்துப்போய்விட்டார், அதனால் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுவார். பெயர் சொல்ல மாட்டார். அனிதா கேட்டதில் அவர் காப்பாற்றியது அவ்வளவுதான். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

இது எப்படி என் காதுக்கு வந்தது என்றால், இன்னொரு சர்வேயர் சொன்னார். உறையூரில் ஓர் ஆள் தன் கையால் ஒருவர் செத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று சாயங்காலமே மேலப்புதூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லாதான் கதவைத் திறந்தார். மெலிந்து போயிருந்தார். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க மேல மரியாதை உண்டு, நீங்க சொல்லுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் அவரிடம் நிறையப் பேசினேன். இந்தப் பேச்சு கம்பெனி வரைக்கும் போனால் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்து விசாரிப்பார்கள், எல்லாம் கெடும் என்றேன். க்ளெய்ம் முடியட்டும், பிறகு போய்க்கொள்ளுங்கள் என்றேன்.

"இன்னும் ஒன்பது வண்டி இருக்கு சார்."

அது பிறகு ஆகட்டும் என்றேன்.

"அதுக்குள்ள ஒண்ணு எரிஞ்சா?"

அனிதாவையும் குழந்தையையும் நினைத்துப் பாருங்கள் என்றேன். அந்த வார்த்தைக்கு அவர் என்ன ஆவார் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் சரி என்றார். யாரிடமும் இனிமேல் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.

கொஞ்ச நாளில், காகிதங்களை வாங்க நான் அனிதா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. முற்றாக எரிந்துபோன வண்டியானாலும் அதன் மாற்றுச் சாவியைக் கம்பெனி கேட்கும். அனிதா ஆர்.சி. புக்கையும் சாவியையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். சாவியில் குழந்தையின் ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். அடுத்த அறையில் மாமனார் இருமிக்கொண்டிருந்தார்.

"வண்டிய நீங்கதான பாத்தீங்க. எதனாலன்னு தெரிஞ்சுதா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒயரிங்காக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன்.

"உங்ககிட்ட யாரும் வந்து எதுவும் சொல்லலையா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொய் அவளுக்குத் தேவைப்பட்டது என்பதும் எனக்குத் தெரிந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் எனக்குக் காபி கொடுக்கவில்லை. அதற்காக நான் நன்றியோடுதான் வெளியே வந்தேன்.

இரண்டு மாதத்தில் க்ளெய்ம் முடிந்தது. அனிதா கடனை அடைத்துவிட்டுக் குழந்தையோடு துறையூருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். இனி நீங்கள் போகலாம் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன். மறுபடி அவர் வீடு வீடாகப் போனால் என் பெயரும் எங்கேயாவது வருமே என்ற பயம்தான். அவரும் என்னைத் தேடி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டு அந்த நோட்டைக் கொடுத்தார். சார்கிட்ட கொடுத்துடு என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம். முப்பத்தெட்டு வண்டிகள். வண்டி எண், ஆள் பெயர், ஏரியா, என்ன மாற்றினார் என்ற விவரம். இருபத்தெட்டு வரிகளுக்கு எதிரே 'சொன்னேன்' என்று எழுதித் தேதி போட்டிருந்தார். கோகுலின் வரிக்கு எதிரே ஒரு சிலுவை. மற்ற ஒன்பதுக்கு எதிரே காலியாக இருந்தது.

ஒரு மாதம் அந்த நோட்டை பீரோவில் வைத்திருந்தேன். பிறகு முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, அரம் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முதல் வண்டி கே.கே. நகரில். அவருடைய சிநேகிதன் என்று சொல்லி பானட்டைத் திறக்கச் சொன்னேன். பிடியைத் தேடிப் பிடித்து, முனையில் விரலை வைத்தேன். வழவழவென்று உருண்டிருந்தது. அராவின இடம் இன்னும் துருவேறாமல் பளிச்சென்று இருந்தது. அவர் சாவதற்கு முந்தைய மாதம் வந்து அரைமணி நேரம் வேலை செய்துவிட்டுப் போனதாக அந்தப் பையன் சொன்னான். ஏன் என்று சொன்னாரா என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தேன், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாராம்.

எடமலைப்பட்டி புதூரிலும் அப்படித்தான். அங்கே, புது அரம் வாங்கியிருக்கிறேன், நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது வண்டியையும் போய்ப் பார்த்தேன். ஒன்பதிலும் வேலை முடிந்திருந்தது, ஒன்றிலும் காரணத்தை அவர் சொல்லியிருக்கவில்லை. நான் வாங்கிய அரத்துக்கு வேலையே இல்லை.

ஒன்பதாவது வண்டி ஸ்ரீரங்கத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. கல்லூரியில் பாடம் சொல்லித்தருகிற ஓர் அம்மாள், மகன் வெளிநாடு போனபின் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இறந்துபோனதே அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன்.

"ரொம்ப நேரம் வேலை பாத்தாரு. எதுக்குங்க இதெல்லாம்னு கேட்டேன். பார்வைக்கு அழகா இருக்கட்டும்னுதாம்மா, அப்டின்னாரு" என்றார். "ஆனா அதைச் சொல்றப்ப என் முகத்தையே பாக்கல சார். ஏதோ திருடிட்டு மாட்டிக்கிட்டவர் மாதிரி தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு."